கையில் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன்

அன்றைக்கு அந்த மாடி குடோனில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சரியாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் இருந்தேன், நீ இல்லை என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

கடை முதலாளி பரமசிவ அண்ணாச்சி. எங்கள் நிறுவனத்தின் ரேணு மேடம். இசக்கி. இசக்கியின் அப்பா. நான். ஆக ஐந்து பேர். துவரம்பருப்பு மூட்டைமேல் ஒரு பூனை படுத்திருந்தது. அதை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

செம்பூரில் அன்று விடாத மழை. ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். கீழே மிளகாய் வற்றல் மூட்டை பிரித்திருந்தார்கள் போல, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை யாராவது தும்மினோம்.

நாங்கள் வந்தது ஒரே காரியத்துக்கு. இசக்கி அந்தக் கடையில் சேர்ந்து மூன்று மாதம் முடியப்போகிற சமயம். மாதம் பதினாலாயிரம் வீதம் நாற்பத்திரண்டாயிரம் ரூபாயை அண்ணாச்சி அவள் வங்கிக் கணக்கில் போட வேண்டும். பக்கத்திலேயே வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் அவள் தனக்கு ஒரு கட்டில் பிடித்து வைத்திருந்தாள். முன்பணம் பதினெட்டாயிரம். அதோடு மூன்று மாதச் சம்பளம் வந்ததற்குப் பாஸ்புக்கைக் காட்ட வேண்டும். மொத்தமாக விழுந்தாலும் பரவாயில்லை, முதலாளி கடிதம் இருந்தால் போதும் என்று வார்டனம்மா இறங்கி வந்திருந்தார். இருபத்தைந்தாம் தேதிக்குள் வராவிட்டால் கட்டில் வேறு ஆளுக்கு.

அன்றைக்குத் தேதி இருபத்து மூன்று.

இதில் இசக்கியின் அப்பாவுக்கு வேலையே இல்லை. அவரைவிட்டுப் போவதற்குத்தான் அந்தக் கட்டில். மாடிப்படி ஏறி வந்ததும் அவர் குடையை மடக்கிக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அண்ணாச்சி பக்கம் நகர்ந்தேன்.

"அண்ணாச்சி, இவரை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்ன புஷ்பம், இப்படிக் கேக்க? கணக்குத் தீக்கோம்லா. பொம்பளப் புள்ள காசு. பெரிய மனுசன் ஒருத்தர் முன்னால இருக்க வேண்டாமா?"

இசக்கி துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு நின்றாள்.

பலகாரக் கூடம்

இந்த இடத்தில் எங்கள் நிறுவனத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன வாரத் தொடரைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே எங்கள் கூடம். முறுக்கு, தட்டை, மிக்சர் போட்டு, பாக்கெட் அடைத்து, ஆபீஸ்களுக்கும் கடைகளுக்கும் கொடுக்கிறோம். விற்ற லாபம் யார் பைக்கும் போகாது. படிப்பை விட்டவர்கள், வீட்டில் அடி வாங்கி வந்தவர்கள், ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்துவிட்டதால் எங்கேயும் வேலை கிடைக்காதவர்கள், இப்படிப் பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைகளைச் சேர்த்து ஆறு மாதம் சம்பளத்தோடு வேலை பழக்குவது, பிறகு வெளியே ஒரு நல்ல வேலையில் உட்கார வைப்பது. அதுதான் தொழில்.

நான் அங்கே மேற்பார்வை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பதால் படிவம் நிரப்புவது எனக்குச் சிம்ம சொப்பனம். எண்ணெய்ச் சூடு பார்ப்பது, பாக்கெட் சீலிங் மெஷினில் விரல் சுடாமல் பார்ப்பது, காலை ஐந்தரைக்கு எல்லாருக்கும் மிஸ்டு கால் கொடுத்து எழுப்புவது, இதெல்லாம் என் வேலை. திருப்பி மிஸ்டு கால் வராவிட்டால் ஆறு மணிக்குள் அந்தப் பிள்ளை லாரியில் அடிபட்டு, சயான் ஆஸ்பத்திரியில் கிடந்து, நான் அதன் அம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது வரைக்கும் நினைத்து முடித்துவிடுவேன். ஆறேகாலுக்கு அது கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து நிற்கும்.

"எக்கா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யாரு செத்தா?" என்று கேட்கும்.

எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

தொண்ணூறு நாள்

எங்களுக்குப் பணம் கொடுக்கிற ஒரு பெரிய கம்பெனி உண்டு. அவர்கள் வைத்த சட்டம் இது: வெளியே வேலைக்குப் போன பிள்ளை அதே இடத்தில் தொண்ணூறு நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். மூன்று மாதமும் சம்பளம் வங்கியில் விழுந்திருக்க வேண்டும். அந்தச் சான்றைக் காட்டினால் அந்தப் பிள்ளைக்கான தொகையை எங்களுக்குத் தருவார்கள். இல்லை என்றால் ஆறு மாதம் நாங்கள் எண்ணெய்ப் புகையில் நின்றதெல்லாம் அவர்கள் கணக்கில் நடக்கவே இல்லை.

எண்பத்தொன்பதாவது நாள் டெங்கு வந்தால்? கேட்டேன். ரேணு மேடம் நல்ல பெண். பொறுமையாக இந்தியில் விளக்கினார். விளக்கம் முடிந்தபோதும் டெங்குவுக்குப் பதில் கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து. அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள் கூட யாரும் சம்பளம் வந்ததா என்று கேட்க மாட்டார்கள். தொண்ணூறாவது நாள் நெருங்கும்போதுதான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

ஒரே ஒரு வாக்கியம்

இசக்கிக்கு இருபது வயது. தாராவி லேபர் கேம்பில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வரிசை தள்ளி வீடு. அம்மா இல்லை. அப்பா முன்பு மூட்டை தூக்கினார். பிறகு எதையும் தூக்கவில்லை, மகள் வீட்டு வேலை செய்து கொண்டுவந்ததைத் தவிர. ஒரு முறை அவள் தலையணை உறையில் தைத்து வைத்திருந்த பணத்தைக்கூடத் தையலைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார். தையலைத் திரும்பப் போட்டும் வைத்திருந்தாராம். அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கூடத்தில் எந்தக் கணக்கும் அவளுக்குத் தப்பாது. இருநூறு பாக்கெட் என்றால் இருநூறுதான். எங்கள் மிக்சரை வாங்கும் பரமசிவ அண்ணாச்சி கடையில் சரக்கு கட்டும் பகுதிக்கு ஒரு கெட்டிக்கார ஆள் வேண்டும் என்றார். அவளை அனுப்பினோம். சம்பளத்தை வங்கியில் போட வேண்டும் என்று நிறுவனத்தின் கடிதமும் போயிற்று.

முதல் நாள் நான்தான் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டு வந்திருந்தால் இந்த அத்தியாயமே கிடையாது. பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். திரும்பிப் போனேன். அவளுடைய ஏடிஎம் கார்டு அப்பன் சட்டைப் பையில் கிடக்கும் நாள் தூரமில்லை என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்:

"அண்ணாச்சி, அவ சம்பளத்தை அவ கையில குடுக்காதீங்க. பேங்க்லயும் போட வேண்டாம். பத்திரமா உங்ககிட்டயே இருக்கட்டும்."

"அதுக்கென்ன, நம்ம கடையில எல்லாப் பயலுவளுக்கும் அப்படித்தான். ஊருக்குப் போகையில மொத்தமா தீத்து விட்டுருவேன்," என்றார்.

அது உண்மை. அந்தக் காலத்திலிருந்தே அண்ணாச்சிமார் கடைகளில் அதுதான் வழக்கம். சாப்பாடு கடையில், படுக்கை கடையில், சம்பளம் பேரேட்டில். கேட்டால் செலவுக்குக் கிடைக்கும். கோயில் கொடைக்கு ஊருக்குப் போகும்போது கணக்குத் தீர்த்து முடிச்சாகக் கொடுப்பார்கள். யாரும் ஏமாற்றியதாகக் கேள்விப்பட்டதில்லை.

ஏன் கொடுக்க வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. அவள் அப்பா பறித்துக்கொள்வார் என்று நானும் சொல்லவில்லை. ஒரு குடும்பத்து மானத்தை மளிகைக் கடை வாசலில் வைத்து எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். பெரிய நாகரிகம்.

இசக்கியிடம் இதைக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. முதல் மாதம் முடிந்ததும் சம்பளம் வரவில்லை என்று போன் செய்தாள்.

"எக்கா, பகார் இன்னும் வரல. கேட்டா, உன் பணம் எங்கயும் போவாதுங்காரு."

"இருக்கட்டும் டி. அவர்கிட்ட இருந்தா பத்திரம்."

இரண்டாவது மாதமும் இதே பேச்சு. மூன்றாவது மாதம்தான் விடுதி விஷயத்தைச் சொன்னாள். எனக்கு அதிலும் கவலை. தனியாக ஒரு பெண், ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்று. ஆனாலும் மனதுக்குள், பார், நான் சேர்த்து வைக்கச் சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று ஒரு பெருமை.

சனிக்கிழமைக் கூலி

நடுவில் என் கதை கொஞ்சம்.

பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம் என்னைத் தாராவியில் ஒரு பை தைக்கும் பட்டறையில் சேர்த்தார்கள். ஜிப் வைப்பது என் வேலை. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து இன்னொரு தோல் போல இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கூலி. அதை வாங்க அம்மா வருவாள். சேட் அம்மாவிடம் எண்ணிக் கொடுப்பார். நான் பக்கத்தில் நிற்பேன். ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். என் கூலி எவ்வளவு என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அம்மா எண்ணும்போது உதட்டைப் பார்த்து ஊகித்ததுதான்.

அம்மா அதில் ஒரு பைசா வீணாக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூரைத் தகடு அந்தப் பணம். அதனால் சம்பாதிப்பவள் கையில் காசு வர வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. நல்லவர் கையில் இருந்தால் சரி. அவ்வளவுதான் என் புத்தி.

பேரேடு

அண்ணாச்சி சிவப்பு அட்டை போட்ட பேரேட்டைக் கொண்டுவந்து, எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"இசக்கி வரவு, மூணு மாசம், நாப்பத்திரெண்டாயிரம். பற்று... அய்யாயிரம், நாலாயிரம், எட்டாயிரம், பத்தாயிரம். ஆக இருவத்தேழாயிரம். பாக்கி பதினஞ்சாயிரம்."

"பற்றா?" என்றாள் இசக்கி. "நான் ஒரு ரூவா வாங்கலியே."

"நீ வாங்கல. சாயங்காலம் நீ வீட்டுக்குப் போன பொறவு அப்பா வந்து வாங்கிட்டுப் போனாவ. நாலு தடவை. கையெழுத்து இருக்கு பாரு."

நான் தும்மினேன். அடக்க முடியவில்லை.

இசக்கி அப்பாவைப் பார்த்தாள். அவர் குடையைப் பார்த்தார்.

"என்னத்த அப்படிப் பாக்க? கோலி வீட்டு வாடகை யாரு குடுப்பா? என் மவ சம்பளம். நான் வாங்குனேன். களவா போயி எடுத்தேன்?"

"வாடகை மூணு மாசம் பாக்கின்னு நேத்துதான் வீட்டுக்காரன் வந்து கத்துனான்," என்றாள் அவள். அண்ணாச்சி பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, உங்க கடையில சரக்கு வாங்குன கஸ்டமரு பாக்கிய அவங்க அப்பாகிட்ட போய் கேப்பீங்களா?"

"ஏட்டி, வாயப் பாரு! பெத்த அப்பன் வந்து மவ பணத்தைக் கேட்டா நான் என்ன சொல்ல? போலே வெளியன்னு சொல்லவா? நானா இதைச் செஞ்சேன்? அவ கையில குடுக்காதீங்கன்னு சொன்னது இந்தா நிக்காள்லா, உங்க புஷ்பாக்கா."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்களா எக்கா?"

"இல்லடி... உங்க அப்பா பறிச்சுருவாரோன்னு..."

சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். "யாரப் பாத்துப் பறிப்பான்னு சொல்லுத? நாலு பேரு முன்னால என்னக் களவாணிப் பயல் ஆக்குதியா?" குடை நுனி என் முகத்துக்கு நேரே ஆடியது. மழைத் தண்ணீர் என் மேலெல்லாம் தெறித்தது.

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "அட கிறுக்குப் பய மக்கா! அப்பனுக்குப் பயந்துதான் குடுக்க வேண்டாம்னியா? இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா? நான் இந்தப் புள்ளைதான் ஊதாரி போலன்னுலா நினைச்சேன்! அப்பன் பொறுப்பானவர், வந்து வந்து வாங்கிட்டுப் போறாருன்னு டீ வேற வாங்கிக் குடுத்தேன்!"

இதற்கெல்லாம் நடுவில் ரேணு மேடம் என் கையைப் பிடித்து, "க்யா ஹுவா, புஷ்பா?" என்கிறார். என் தப்பை நானே இந்தியில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்குத் தெரிந்த இந்தி காய்கறி வாங்கவும் ரிக்ஷாக்காரனோடு சண்டை போடவும் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு சொன்னேன். என் இந்தியில் அது நான் திருடியது போலவே இருந்தது. அதுவும் பெரிய பிழையில்லை.

மூன்று கையெழுத்து

மேடத்துக்குக் கதை புரிந்ததும் அவர் முகத்தில் ஃபைல் தெரிந்தது. ஒரு வழி சொன்னார். மூன்று மாதச் சம்பளத்தையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டதாக இசக்கி மூன்று ரசீதில் கையெழுத்துப் போட்டால், கம்பெனியிடம் எப்படியாவது பேசிப் பார்க்கலாம். தொகை வந்தால் அதிலிருந்து அவளுக்கு ஏதாவது செய்யலாம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. எல்லாம் ஒரே நாளில் மூடிப் போகுமே.

"வாங்காத காசுக்கு நான் சைன் போட மாட்டேன் மேடம்," என்று இசக்கி நல்ல இந்தியில் சொன்னாள். "இந்த நோட்டுல ஏற்கனவே என் பேருல இன்னொருத்தர் நாலு சைன் போட்டாச்சு. போதும்."

மேடம் ஃபைலை மூடினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

அண்ணாச்சி கல்லாவிலிருந்து பதினைந்தாயிரத்தை எடுத்துவரச் சொல்லி, இசக்கியின் கையில், அவளுடைய கையிலேயே வைத்தார். "மிச்ச இருவத்தேழுல பாதி என் தப்பு. தீபாவளிக்குள்ள ரெண்டு தவணையில குடுத்துருதேன். மறு பாதி?" என்று என்னைப் பார்த்தார்.

"நான் தாரேன்," என்றேன்.

"பேரேட்டுல எழுதுங்க," என்றாள் இசக்கி.

"ஏம்மா, அக்காதானே..."

"எழுதுங்க அண்ணாச்சி."

எழுதினார். புஷ்பம், பதிமூன்றாயிரத்து ஐநூறு. நான் கையெழுத்துப் போட்டேன். அவள் அப்பா அதற்குள் கீழே இறங்கிப் போயிருந்தார். போகும்போது ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் கேட்டாராம். அண்ணாச்சி கொடுத்தாரா இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை. அதையும் தெரிந்துகொண்டு என்ன செய்ய?

மறுநாள் பதினைந்தாயிரத்தை வங்கியில் போட்டு, பாஸ்புக்கையும் அண்ணாச்சி கடிதத்தையும் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனோம். வார்டனம்மா பாஸ்புக்கைப் புரட்டினார். ஒரு மாதச் சம்பளம்தானே இருக்கிறது, முன்பணத்துக்கே காணாதே என்றார். நான் அழுதே கேட்டேன். இருபத்தைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள் அம்மா என்றார். பொய் இல்லை, வராந்தாவிலேயே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது இசக்கி எனக்கு இரண்டு அடி முன்னால் நடந்தாள். அந்த இரண்டு அடியை ஸ்டேஷன் வரை நான் பிடிக்க முடியவில்லை.

சான்பாடா

அந்த வாரமே அவள் போய்விட்டாள். சான்பாடாவில் மூன்று பெண்களோடு ஒரு ரூம். அண்ணாச்சி கடையை எண்பத்தெட்டாவது நாளோடு நிறுத்திக்கொண்டாள். இரண்டு வாரத்தில் தானாகவே தேடி, மருந்துக் கம்பெனிக் குடோன் ஒன்றில் சரக்கு சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தாள். சம்பளம் முன்பைவிட அதிகம். முதல் தேதி காலையில் வங்கியில் விழுகிறது.

கம்பெனியின் படிவத்தில் அவள் பெயருக்கு எதிரே 'தோல்வி' என்று இருக்கிறது. வேலையில்தானே இருக்கிறாள், நல்ல வேலையில்தானே இருக்கிறாள் என்று நான் மேடத்திடம் மூன்று தடவை கேட்டேன். நம் மூலமாகக் கிடைத்த வேலை இல்லையே புஷ்பா என்றார். நம் மூலமாக அவளுக்குக் கிடைத்ததை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லாததும் நல்லதுதான்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை செம்பூர் ஸ்டேஷனுக்கு வருகிறாள். டிக்கெட் கவுண்டர் பக்கம் நிற்பேன். ஆயிரத்து ஐநூறு கொடுப்பேன். எண்ணிப் பார்ப்பாள். முதல் மாதம், "எதுக்குடி எண்ணுத, அக்கா குறைச்சா குடுப்பேன்?" என்றேன்.

"குறைச்சுக் குடுக்க மாட்டீங்க எக்கா. பத்திரமா வச்சுக்கிடுவீங்க," என்றாள்.

அதிலிருந்து எண்ணி முடிக்கும் வரை பேசாமல் நிற்கிறேன்.

எண்ணி முடித்த பிறகு பேசுவாள். குடோனில் புதிதாக வந்த மேனேஜரைப் பற்றி, ரூமில் ஒருத்தி தினமும் சோற்றைக் குழைய விடுவதைப் பற்றி. ஒரு தடவை இருமினாள். மருந்து சாப்பிட்டாயா, ஜன்னலைச் சாத்திப் படுக்கிறாயா, ரூமில் யாருக்கு டிபி என்று நான் ஆரம்பித்ததும், "எக்கா, டென்ஷன் எடுக்காதீங்க," என்று பன்வேல் லோக்கலைப் பிடிக்க ஓடிவிட்டாள். மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும். மாதத்தில் அவள் குரல் கேட்பது அப்போதுதான். மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பிக் கொடுப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது தவணை. என் தம்பி என்னிடம் வாங்கியிருந்த பழைய கடனைத் திருப்பித் தந்திருந்தான். என் பர்சில் ஏழாயிரத்து ஐநூறு ரூபாய் இருந்தது. மொத்தமாக முடித்துவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். அவள் மேம்பாலத்திலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தேன். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், நன்றாக இருந்தது. முழுதும் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் அவள் செம்பூரில் இறங்க வேண்டிய வேலையே இல்லை.

ஆயிரத்து ஐநூறை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். எண்ணினாள். போனில் குறித்துக்கொண்டாள்.

பாக்கி ஆறாயிரம் ரூபாய்.